ஒன்பதாம் நம்பர் ஷூ

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. அஸ்தினாபுரத்தில் பன்னிரண்டு வீடுகள் உள்ள ஒரு அப்பார்ட்மென்ட்டில் நாங்கள் இருக்கிறோம். கீழ் வீட்டில் ஒரு கணக்கு வாத்தியார். தாம்பரத்தில் ஒரு பள்ளியில் வேலை. என்னைவிட ஆறேழு வயது பெரியவர், அதனால் எனக்கு அவர் 'சார்'. அவருக்கும் நான் 'சார்'தான், அது அவர் சுபாவம்.

அவருக்கு சர்க்கரை இருந்தது. நடந்தால் போதாது, கொஞ்சம் ஓடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் அதற்கு ஒரு வருடம் முன்பே ஓட ஆரம்பித்திருந்தேன். தினமும் காலை ஐந்தரைக்கு என் வண்டியில் இரண்டு பேரும் மாடம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போவோம். முதலில் மூச்சு வாங்கிக்கொண்டு பாதியில் உட்கார்ந்துவிடுவார். நாலைந்து மாதத்தில் என்னை முந்தி ஓட ஆரம்பித்துவிட்டார். ஓடி முடித்து டீக்கடையில் சர்க்கரை இல்லாத டீயைக் குடித்துக்கொண்டு, "ஸ்கூல்ல பசங்க நம்ப மாட்டேங்கறானுங்க சார்" என்று சிரிப்பார்.

அவருடைய பாதம் ரொம்ப அகலம். தாம்பரம், குரோம்பேட்டை, வேளச்சேரி என்று எந்தக் கடையில் போட்டுப் பார்த்தாலும் ஓரத்தில் இறுக்கும். அப்போதுதான் நான் என் பெருமையைக் காட்டினேன். அமெரிக்காவில் ஒரு ஆன்லைன் கடையில் அகலப் பாதத்துக்கென்றே தனியாக ஷூ கிடைக்கும். அந்தக் கடை இந்தியாவுக்கு நேரடியாக அனுப்பாது. அங்கேயே ஒரு பார்சல் கம்பெனி நமக்கென்று ஒரு முகவரி தரும். ஷூ அந்த முகவரிக்குப் போகும், அங்கிருந்து அவர்கள் நமக்கு அனுப்புவார்கள். எனக்கு ஏற்கெனவே அப்படி ஒரு ஜோடி வாங்கியிருந்தேன். எங்கள் அப்பார்ட்மென்ட்டில் இந்த விஷயத்தில் நான்தான் பெரிய ஆள்.

"நான் வரவழைச்சுத் தரேன் சார், நீங்க சைஸை மட்டும் சொல்லுங்க" என்றேன்.

"ஒன்பது" என்றார்.

ஆபீசில் மதிய இடைவேளையில் இரண்டு ஜோடி ஆர்டர் செய்தேன், எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. எனக்கு வாங்கும்போது அளவு அட்டவணையைத் திறந்து, பழைய ஷூவின் லேபிளைப் போட்டோ எடுத்து வைத்து, இரண்டு தடவை சரிபார்த்தேன். அவருக்கு, அவர் சொன்ன ஒன்பதை அப்படியே தட்டினேன். நம் ஊர்க் கடைகளில் ஒன்பது என்றால் அது அமெரிக்கக் கணக்கில் பத்து. எனக்கு அது தெரியாமல் இல்லை. என் ஷூவுக்கு அதைத்தானே பார்த்துப் பார்த்து மாற்றினேன். அவருக்குச் செய்யத் தோன்றவில்லை. அன்றைக்கு நான் செய்தது அவ்வளவுதான், அரை நிமிட வேலை.

பார்சல் இங்கே வந்து கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது. அடையாள அட்டை கேட்டார்கள், கொடுத்தேன். பெயரில் இனிஷியல் மாறியிருக்கிறது என்றார்கள். கடிதம் எழுதினேன், போன் மேல் போன் போட்டேன், ஒரு நாள் லீவு போட்டு மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்கே போய் நின்றேன். ஒவ்வொரு நாள் காலையும் ஏரிக்கரையில் அந்தக் கதையை அவரிடம் சொல்வேன். கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பேன். "எனக்காக இவ்ளோ அலையறீங்களே" என்று அவர் சங்கடப்படுவது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு வழியாகப் பெட்டி வந்தது. அவர் வீட்டு ஹாலிலேயே பிரித்தோம். காலில் போட்டு நாலு அடி நடந்து பார்த்தார். அகலம் சரியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். பிறகு முன்பக்கத்தைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "முன்னாடி கொஞ்சம் பிடிக்கற மாதிரி இருக்கு சார்" என்றார்.

"புது ஷூன்னா அப்படித்தான் சார் இருக்கும். ரெண்டு வாரம் ஓடுங்க, பழகிடும்."

நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. திருப்பி அனுப்பும் வேலையை நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் பயந்தேன் என்பதும் உண்மை.

அவர் அதைப் போட்டுக்கொண்டே ஓடினார். மறுபடி அதைப் பற்றிப் பேசவே இல்லை. அக்டோபர் கடைசியில் வேளச்சேரி ரோட்டில் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டம் நடந்தது. அவருக்கு அதுதான் முதல் போட்டி. பாதி தூரத்தில் நல்ல மழை பிடித்துக்கொண்டது. ஷூவெல்லாம் தண்ணீர். ஆனாலும் நிற்காமல் ஓடி முடித்தார். கழுத்தில் மெடலோடு அவர் மனைவிக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினார். அந்த அக்கா ஆபீசில் எல்லோருக்கும் போட்டோ அனுப்பினாராம்.

அதற்கப்புறம் மழை விடவில்லை, நாங்கள் ஏரிக்கரைக்குப் போகவில்லை. பத்து நாள் கழித்து ஒரு காலையில் அக்கா மேலே ஏறி வந்து கதவைத் தட்டினார். "தம்பி, கொஞ்சம் வரீங்களா, அவருக்கு ராத்திரியிலிருந்து குளிர் ஜுரம். கால் ஒரு மாதிரி இருக்கு."

வலது கால் கட்டைவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன. நகம் இல்லை. அறைக்குள் ஒரு வாடை. சர்க்கரையால் அவருக்குப் பாதம் மரத்துப் போக ஆரம்பித்திருக்கிறது, அது எங்கள் யாருக்கும் தெரியாது, அவருக்கே சரியாகத் தெரியாது. விரல் ஷூவின் முன்பக்கத்தில் இடித்து இடித்துப் புண்ணாகியிருக்கிறது. மழைத் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. வலி தெரியாததால் சாதாரணப் புண் என்று ஏதோ மருந்தைத் தடவிக்கொண்டு ஸ்கூலுக்குப் போய்வந்திருக்கிறார்.

என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு நாள் பார்த்துவிட்டு, அழுகல் மேலே ஏறாமல் இருக்க வேண்டுமென்றால் இரண்டு விரலையும் எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள்.

அவர் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அந்த ஷூவை ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார். "இது இனிமே எதுக்கு தம்பி, யாருக்காவது ஆகும்னா குடுத்துடுங்க."

மாடிக்குக் கொண்டுவந்து எடுத்துப் பார்த்தேன். ஷூவின் நாக்குக்கு உள்பக்கம் சின்ன லேபிள். அமெரிக்க அளவு ஒன்பது, அதன் பக்கத்திலேயே நம் அளவு எட்டு. அவ்வளவு தெளிவாக அச்சடித்திருந்தது. அன்றைக்கு என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள், எழுந்திருக்கவே முடியவில்லை. அவளிடம்கூடச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. கீழே இறங்கும்போது அவர் வீட்டு வாசலை வேகமாகக் கடந்துவிடுவேன். அவரே ஒரு நாள் கூப்பிட்டார். "என்ன சார், ஆளையே காணோம்?" உள்ளே போய் உட்கார்ந்தேன். காலில் பஞ்சு வைத்த செருப்போடு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தப்பான அளவு ஆர்டர் செய்தது, எனக்கு மட்டும் சரிபார்த்துக்கொண்டது, எல்லாம்.

அவர் சிவப்பு மை பேனாவை மூடி வைத்தார்.

"தெரியும் சார். பெட்டி மேலேயே போட்டிருந்துச்சே. அன்னிக்கு நீங்க போனப்புறம் பார்த்தேன்."

"அப்புறம் ஏன் சார் சொல்லல?"

"பிடிக்குதுன்னு சொன்னேனே. பழகிடும்னீங்க." விடைத்தாள்களை ஓரமாகத் தள்ளி வைத்தார். "நீங்க ஏர்போர்ட் வரைக்கும் அலைஞ்சு வாங்கிக் கொடுத்தது. அதுக்கு மேல குறை சொல்ல எனக்கு மனசு வரல. எனக்குத்தான் கால்ல உணர்ச்சி இல்லையே, அது யாருக்குத் தெரியும்? விடுங்க சார்."

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. அக்கா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அன்றைக்கு அவர் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு மாடிப்படியில் பார்த்தால் சிரிப்பார், பண்டிகைக்குக் கேக் அனுப்புவார். ஆனால் 'தம்பி' என்று கூப்பிடுவது நின்றுவிட்டது.

சார் இப்போது மெதுவாக நடக்கிறார். ஸ்கூலில் நின்றுகொண்டு பாடம் நடத்த முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து நடத்துகிறார். நானும் ஓடுவதை விட்டுவிட்டேன். கேட்டவர்களிடம் முட்டி வலி என்றேன். அவரிடமும் அதே பொய்யைத்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும்.

மன்னித்துவிட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒருவருக்கு உதவி செய்கிறேன் என்று நான் பட்ட கஷ்டத்தையெல்லாம் வாய் ஓயாமல் சொல்லிச் சொல்லி, தனக்குச் சரியில்லை என்று இரண்டாம் தடவை சொல்லும் துணிச்சலை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது நான்தான் என்பது, கீழ் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு உறைக்கிறது.