தர்மலிங்கம் பிள்ளையும் பிரிக்காத பொட்டலமும்

தர்மலிங்கம் பிள்ளை காலமான செய்தியை அவருடைய மகன் நடராஜனே நேரில் வந்து என்னிடம் சொன்னார். ஸ்ரீரங்கத்தில் என் வீட்டிலிருந்து நான் கோர்ட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நேரம். யாரிடமாவது சொல்லி அனுப்பியிருக்கலாம். அவரோ காவிரிப் பாலத்தைக் கடந்து சைக்கிளில் தாமே வந்திருந்தார். "அப்பா விடியக்காலம் போயிட்டாங்க சாமி. நீங்க வருவீங்களோ மாட்டீங்களோ தெரியல. சொல்லணும்னு தோணிச்சு" என்றார். அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளாக நான் அவர்கள் வீட்டுப் படி ஏறியதில்லை. அன்று ஏறினேன். மாலை சாத்தினேன். கண்ணீர் வரவில்லை. இவரிடம் கேட்ட கேள்விக்கு இனி விடை கிடைக்காது என்பது ஒன்றே மனத்தில் நின்றது.

பெரிய கடை வீதியில் நடந்த இரங்கற் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். திருச்சிராப்பள்ளியின் பெயரைக் கடல் கடந்த நாடுகளில் நிலைநாட்டியவர் என்று ஒரு வாசகத்தை எழுதி என்னிடம் காட்டி, இதை ஒட்டிப் பேசினால் போதும் என்றார்கள். வாசகம் உண்மைதான், முழு உண்மை அன்று. உண்மையில் ஒரு பாதியை மேடையில் சொல்லிவிட்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். இதைப் படிக்கப் போகிறவர்கள் அவரை அறிந்தவர்கள். அவர் செய்த நன்மையில் எதையும் குறைக்காமல், மற்றதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நம் நகரத்தில் பட்டை தீட்டப்படும் கற்கள் நம் மண்ணில் கிடைப்பவை அல்ல. ஐரோப்பாவில் உலையில் உருக்கி வார்க்கப்பட்டு, கட்டைவிரல் பருமனில், சிறிய பேரிக்காய் வடிவில் அவை கப்பலில் வருகின்றன. இங்கே சாணையில் தீட்டப்பட்டுத் தோட்டுக்கும் மூக்குத்திக்கும் உரிய கற்களாகிக் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் சிங்கப்பூருக்கும் செல்கின்றன. ஒரு காலத்தில் பம்பாய்த் தரகர்கள் தேர்ந்தெடுத்தது போக எஞ்சிய கற்களே நமக்குக் கிடைத்தன. அவற்றை வார்க்கும் ஸ்விட்சர்லாந்துக் கம்பெனியிடம் நாமே நேராக வாங்கினால் என்ன என்று முதலில் கேட்டவர், கல் வியாபாரத்தில் இருந்த பிள்ளை. ஆங்கிலம் அறியாதவர் ஆகையால், அப்போது வக்கீல் தொழிலுக்குப் புதியவனாக இருந்த என்னிடம் கடிதம் எழுதக் கேட்டு வந்தார். மரியாதைச் சொற்கள் நிறைந்த ஒரு முழுப் பக்கம் எழுதி, அதைத் தமிழில் அவருக்குச் சொன்னேன்.

"சாமி, இது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு" என்றார் அவர். "நாங்க யாரு, என்ன வேணும், எப்படிப் பணம் கட்டுவோம். அவ்வளவு சொல்லுங்க, போதும். மிச்சத்தைக் கல்லே சொல்லிடும்."

அந்தக் கம்பெனி வார்த்த கல் ஒன்றைப் பாலக்கரையில் பட்டறை வைத்திருந்த காதர் ராவுத்தரிடம் கொடுத்துப் பட்டை தீட்டச் செய்து, அதைக் கடிதத்தோடு அனுப்பினார். வந்த பதிலின் முதல் வரியே, இதைத் தீட்டியவர் யார் என்ற கேள்வியாக இருந்தது. அப்படித் தொடங்கியது அந்த உறவு.

சில ஆண்டுகள் கழித்து, கேட்டதைப்போல் இருமடங்கு கற்கள் ஒரு பொட்டலத்தில் வந்தன. அனுப்பியவர்களின் தவறு. பிள்ளை வரவழைத்த கற்களைப் பங்கிட்டுக்கொள்ளும் பட்டறைக்காரர்களின் சங்கத்தில் ஒருவர், "வெள்ளைக்காரன் கணக்குல தூங்கிட்டான். நாம எதுக்கு எழுப்பணும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளை சிரிக்கவில்லை. "உள்ளூர்க்காரன்னா என் மூஞ்சியைப் பாத்து நம்பலாமா வேணாமான்னு முடிவு பண்ணுவான். அவனுக்கு என் மூஞ்சி தெரியாதே. என் சொல்லு ஒண்ணுதான் தெரியும்" என்று சொல்லி, மிகுதியான கற்களைத் தம் செலவில் திருப்பி அனுப்பினார். அதன் பிறகு அந்தக் கம்பெனி முன்பணம் கேட்பதை நிறுத்திவிட்டது. கல் முதலில் வரும், பணம் பிறகு போகும். முகம் தெரியாத ஒரு திருச்சிக்காரருக்கு அவர்கள் அந்தச் சலுகையைக் கொடுத்தார்கள் என்பதைப் பெருமையோடு பலரிடம் சொன்னவன் நான்.

பொட்டலம் வந்தால் பிரிக்கும் முறையை நீங்கள் அறிவீர்கள். சங்கத்தின் மாடியில் ஜன்னல் ஓரமாக வெள்ளை வேட்டி விரித்து, கற்களைக் கொட்டி, எத்தனை பட்டறையோ அத்தனை குவியலாகப் பிரிப்பார்கள். பட்டறை இல்லாதவன் என்பதால் நான் சங்கத்தின் காரியதரிசி. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். ஒருவர் ஒரு குவியலைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். நான் ஒரு பெயரைச் சொல்வேன். அந்தக் குவியல் அவருடையது. ஒருமுறை ஒருவர், "சாமிக்கு முதுகுல கண்ணு இருக்கும்போல. நொறுங்கின கல்லா பாத்து எனக்கே வருது" என்று குறைப்பட்டார். காதர் ராவுத்தர் உடனே, "முன்னாடி இருக்கற கண்ணே கண்ணாடி போட்டாத்தான் தெரியுது அவருக்கு. முதுகுல வேற வைக்கிறீரே" என்றார். குறைப்பட்டவரும் சிரித்துவிட்டார்.

நொறுங்கிய கற்களைப் பற்றிய சச்சரவு மட்டும் தொடர்ந்தது. வழியில் சேதமானால் நஷ்டம் யாரைச் சேரும்? பிள்ளைதான் அதற்கு முடிவு சொன்னார். "வழியில உடைஞ்சா எனக்கு. வேட்டியில கொட்டி நீங்க கண்ணால பாத்துட்டா, அதுலேருந்து உங்களுக்கு. அப்படியே எழுதிடுங்க சாமி." இவ்வளவு பெருந்தன்மையை யாரும் எதிர்பார்க்கவில்லை. பொட்டலம் உறுப்பினர் முன்னிலையில் பிரிக்கப்படும் வரை வரவழைத்தவருக்கு உரியது, பிரிக்கப்பட்ட பின் சங்கத்துக்கு உரியது என்று விதி எழுதினேன். சட்டப்படி அதில் ஒரு குறையும் இல்லை. எல்லோரும் கையெழுத்திட்டார்கள்.

பிறகு யுத்தம் வந்தது. கப்பல்கள் குறைந்தன. பட்டறைகள் அரை நாள் நடந்து, அதுவும் நின்றன. பட்டை தீட்டுகிறவர்கள் பொன்மலை ரயில்வே பட்டறை வாசலில் கூலி வேலைக்கு நின்றார்கள். அந்தச் சமயத்தில்தான், பெரிய பொட்டலம் ஒன்று வருகிறது, ஓர் ஆண்டுக்குத் தாங்கும் என்று பிள்ளை சங்கத்தில் அறிவித்தார். காதர் ராவுத்தரிடம் பன்னிரண்டு பேர் வேலை செய்தார்கள். அவர்களை வெளியே விடாமல், மனைவியின் நகையை விற்று அரைக்கூலி கொடுத்து, "கல்லு வருது, கொஞ்சம் பொறுங்க" என்று நிறுத்தி வைத்திருந்தார்.

பொட்டலம் திருச்சிக்கு வந்துவிட்டது என்ற செய்தி கிடைத்து, குறித்த நாளில் எல்லோரும் மாடியில் கூடினோம். யாரோ புது வேட்டி கொண்டுவந்து விரித்தார்கள். நான் வழக்கம்போல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பிள்ளை படியேறி வரும் ஓசை கேட்டது. அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். வெறுங்கையோடு நின்றார்.

"பொட்டலம் எங்கங்க?" என்றார் ராவுத்தர்.

"பம்பாய்க்குப் போயிடுச்சு. மொத்தமா வித்துட்டேன்."

"எங்க பங்கை விக்கறதுக்கு நீங்க யாரு?"

"நான் பிரிக்கவே இல்லையே ராவுத்தரே. வந்த சீலோட அப்படியே போயிடுச்சு." பிள்ளை என் பக்கம் கையைக் காட்டினார். "பிரிக்காத பொட்டலம் யாருதுன்னு சாமியைக் கேளுங்க. எழுதினவர் அவர்தானே."

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். வேறு விடை இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். "விதிப்படி பிள்ளையுடையது" என்றேன்.

பிள்ளை இறங்கிப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். ராவுத்தர் மட்டும் அந்த வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்த பின் கேட்டார்: "நீங்களும் இதுல கூட்டா, சாமி?"

"இல்லை."

"நீங்க இல்லேன்னா நம்பறேன். அந்தப் பன்னெண்டு பேருகிட்ட நான் என்னத்தைச் சொல்றது? அவங்க என்னை நம்பி உக்காந்திருக்காங்க. நம்பிக் குடுத்தது அமானிதம்ங்க. அதைத் தொட்டவனை அல்லாதான் கேக்கணும்."

அந்த மாதமே ராவுத்தர் சாணைகளைக் கழற்றி வைத்துவிட்டு, மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் கணக்கு எழுதப் போனார். நம்பி நின்றதால், பொன்மலையில் முன்னமே போய்ச் சேர்ந்தவர்களுக்குக் கிடைத்த வேலைகூட அவருடைய ஆட்களுக்குக் கிடைக்கவில்லை. சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு முறைப்படி அறிவிப்பு அனுப்பினேன். வந்தவன் நான் ஒருவனே. கூட்டாளி என்று என்னை யாரும் நேரில் சொல்லவில்லை. ஆனால் பாலக்கரையில் நான் நடந்தால் பேச்சு நின்றது.

பிள்ளை வெறுங்கையோடு வந்து நின்ற அந்த வாரமே அவருடைய வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவர் எதையும் மறுக்கவில்லை.

"கப்பல் போக்குவரத்து நிக்கறதுக்கு முன்னால அவனுக்குப் பணம் போய்ச் சேரணும் சாமி. வாக்குக் குடுத்திருக்கேன். சங்கத்துல பங்கு போட்டா, தீட்டி வித்துப் பணமாக ஒரு வருஷம் ஆகும். பம்பாய்க்காரன் ரொக்கமா குடுத்தான். அப்படியே பேங்குல கட்டிட்டேன். என் பைக்கு ஒரு தம்பிடி எடுத்துக்கல."

"இதை எங்ககிட்டே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

"விட்டிருக்க மாட்டோம்."

"அதான் சொல்லல."

அவர் தமக்கென எடுத்துக்கொள்ளவில்லை என்பதை நான் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். அது என் மனத்தை ஆற்றவில்லை. பார்த்தறியாத ஒருவரிடம் கொடுத்த வாக்கைக் காக்க, நாள்தோறும் பார்த்துப் பழகிய மனிதர்களை அவர் கைவிட்டார். முகம் தெரியாதவனுக்குச் சொல் ஒன்றே தெரியும் என்றவர், முகம் தெரிந்தவர்களுக்குச் சொல்லே தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டார் போலும். என் ஒருவனை ஏமாற்றியிருந்தால் காலப்போக்கில் மறந்திருப்பேன். நான் எழுதிய விதியைக்கொண்டு, என் வாயாலேயே, என்னை நம்பியவர்களிடம் தமக்குச் சாட்சி சொல்லவைத்தார்.

ஆகவே அந்த ஒரு கேள்வியைக் கேட்டேன். "அந்த விதியை எழுதச் சொன்ன அன்னைக்கே இது உங்க மனசுல இருந்ததா?"

பிள்ளை தம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "காப்பி ஆறுது சாமி. சாப்பிடுங்க" என்றார். நான் சாப்பிடவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அன்று அவர் காட்டியது பெருந்தன்மையா, பல ஆண்டுகளுக்கு முன்பே தமக்காகத் திறந்து வைத்துக்கொண்ட வழியா என்பது எனக்குத் தெரியாது. பெருந்தன்மை என்றால், பிற்காலத்தில் ஒரு நெருக்கடியில் அதைக் கெடுத்துக்கொண்டார் என்று கொள்ளலாம். மற்றதென்றால், நான் அவரோடு கழித்த நல்ல ஆண்டுகளில் எதை நம்புவது? மாலை சாத்த நின்றபோதும் அந்த முகத்தில் விடை இல்லை.

யுத்தம் முடிந்தபின் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். இந்த நகரத்துக்கு முதலில் வந்த வியாபாரக் கடிதம் அந்த ஸ்விஸ் கம்பெனியுடையது. பிள்ளையின் பெயருக்கு வந்தது. கடைசிக் கப்பலுக்கும் தவறாமல் பணம் கட்டிய ஊருக்கே முதலில் கல் என்று எழுதியிருந்தார்கள். அவர் கணக்கிட்டது பலித்தது. இன்று பாலக்கரையிலும் உறையூரிலும் சாணை சுற்றுகிறதென்றால் அதற்கு அவர் காரணம். கூட்டத்தில் பேசியவர்கள் இதைச் சொன்னார்கள், சொல்ல வேண்டியதே. காதர் ராவுத்தரும் திரும்பி வந்து பட்டறை திறந்திருக்கிறார். பழைய பன்னிரண்டு பேரில் நால்வரே வந்தார்கள். மற்றவர்களுடைய கை இப்போது இரும்புக்கும் மூட்டைக்கும் பழகிவிட்டது.

புதிய சங்கத்துக்கு விதிகள் எழுதும்படி சென்ற ஆண்டு ராவுத்தர்தான் என்னைத் தேடி வந்து கேட்டார். எழுதிப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எவனும் எங்கேயும் நழுவ முடியாது சாமி. ஆனா ஆளை நம்பற மாதிரி இதுல ஒரு வரி கூட இல்லையே" என்றார்.

"இல்லை" என்றேன்.

"முன்னல்லாம் நீங்க இப்படி எழுத மாட்டீங்க." தாளை வாங்கிக் கையெழுத்திட்டார்.

அந்த விதிகளில் ஒன்று, தபாலாபீஸில் பொட்டலத்தைப் பெற்றுக்கொள்பவர் அன்றே சங்கத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது. இப்போது பெற்றுக்கொள்பவர் நடராஜன். இரங்கற் கூட்டம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். மழித்த தலை, கண்கள் சிவந்திருந்தன.

"கருமாதி அன்னைக்குப் பொட்டலம் வரும்போல இருக்கு சாமி. நான் வாங்கி வீட்டுல வச்சு, மறுநாள் காலையில கொண்டாந்து ஒப்படைச்சிடறேன். ஒரு நாள்தான்."

நடராஜன் நாணயமானவர். இதுவரை ஒரு கல்லும் அவர் கையில் குறைந்ததில்லை. அவர் கேட்டது நியாயமானது. நான் அவர் இடத்தில் இருந்தாலும் கேட்டிருப்பேன்.

"வேண்டாம். அதிகாரப் பத்திரம் எழுதிக் குடுத்துடு. நானே போய் வாங்கிக்கறேன்" என்றேன்.

அவருக்குக் காரணம் புரிந்துவிட்டது. "சரிங்க சாமி" என்று சொல்லிக் கைகூப்பிவிட்டு, வந்தவர்களை வழியனுப்பப் போனார்.

தகப்பனை இழந்து நின்ற ஒருவரை ஒரே ஓர் இரவுக்கு நம்ப என்னால் முடியவில்லை. தர்மலிங்கம் பிள்ளையிடமிருந்து நான் பெற்று வைத்திருப்பது இதுதான். அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றால், இனி அவர் இல்லை.