ஆயா வேலை

ஒரகடம் தொழிற்சாலையில் பதினோரு வருடம் சூப்பர்வைசராக இருந்த என்னை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வாரமே, பிள்ளையார்பாளையத்தில் எங்கள் எதிர்வீட்டு மேரி வேனை நிறுத்திவிட்டு வந்தாள். மாற்றுத்திறன் குழந்தைகளின் பள்ளிக்கு அவள்தான் டிரைவர்.

"வேனுக்கு ஒரு ஆள் வேணும்ண்ணா. பசங்கள தூக்கி உக்கார வெக்கணும். வரியா?"

"ஆயா வேலைக்கு நான்தான் கெடைச்சேனா?" என்று தெருவெங்கும் கேட்ட தறிச் சத்தத்தையும் மீறிக் கத்தினேன். வேனுக்குள் குழந்தைகள் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

மூன்று மாதம் அலைந்தும் வேலை கிடைக்கவில்லை. கூசிக்கொண்டே மேரியிடம் போய் நின்றேன்.

"நாளைக்கே வந்துடுண்ணா," என்றாள்.

மறுநாள் நான் முதலில் தூக்கிய சிறுமி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மாமா, இன்னிக்கும் திட்டுவியா?" என்று கேட்டாள்.

இரண்டு வருடமாகிறது. இந்தப் பிள்ளைகளை விட்டு இனி எந்த வேலைக்கும் போகமாட்டேன். மேரியிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இன்னும் வாய் வரவில்லை.