கேள்வி கேட்காத ஃப்ளாப்பி

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு, கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஆள் ஒருநாளும் வரமாட்டான். இந்தத் தொழிலில் குப்பை கொட்டியவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் நான் கடை போட்டிருந்தேன். வருகிறவர்கள் எல்லாம் ஆஸ்பத்திரிக்கு வருகிற முகத்தோடு வருவார்கள். எனக்கும் கொஞ்சம் டாக்டர் நினைப்பு வந்துவிட்டது. அந்த நினைப்பில் செய்த ஒரு காரியத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

இலவச சிடி

அப்போது கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் சிடி சும்மா வரும். யார் வேண்டுமானாலும் காப்பி எடுக்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், திருட்டு சிடி என்ற பயமே இல்லை. எனக்கு அது பைத்தியமாகப் பிடித்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கெல்லாம் ஒரு காப்பி கொடுத்தேன். ஆனால் அதை மெஷினில் ஏற்றுவது இருக்கிறதே, அப்பப்பா. ஹார்டு டிஸ்க்கை எப்படிப் பிரிக்கட்டும், மௌஸ் எந்த ரகம், மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ் தாங்கும் என்று வரிசையாகக் கேட்கும். தப்பாகச் சொன்னால் மானிட்டர் கெட்டுப்போகலாம் என்று மிரட்டல் வேறு.

தொரப்பள்ளியில் லேத் பட்டறை வைத்திருந்த வெங்கடேசப்பாவுக்கும் ஒன்று கொடுத்தேன். மூன்றாம் நாள் சிடியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கோபமில்லை, களைப்புதான். "இது கேக்கற கேள்விக்கெல்லாம் எனக்குப் பதில் தெரிஞ்சா, நான் எதுக்குங்க உங்க கடைப் படி ஏர்றேன்?"

நாகராஜ் கேட்ட ஒன்று

அவர் சொன்னது சுருக்கென்று தைத்தது. எல்லாப் பதில்களையும் முன்னாலேயே ஒரு ஃப்ளாப்பியில் எழுதி வைத்துவிட்டால், சிடி அந்த ஃப்ளாப்பியைப் படித்துக்கொண்டு தானாக ஏறிவிடும். அப்படி ஒரு வசதி இருப்பதைப் படித்துக் கண்டுபிடித்து, ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினேன். ஃப்ளாப்பியையும் சிடியையும் போட்டு மெஷினை ஆன் செய்ய வேண்டியது, அவ்வளவுதான். டீ குடித்துவிட்டு வந்தால் வேலை முடிந்திருக்கும்.

கடையில் என்னோடு வேலை பார்த்தவன் நாகராஜ். அத்திப்பள்ளிக்காரன், கன்னடம் பாதி தமிழ் பாதியாகப் பேசுவான். டிஸ்க்கில் இருப்பதை அழிக்கலாமா என்ற கேள்வியை மட்டும் விட்டு வைக்கச் சொன்னான். அதைப் பார்த்தால்தான் ஜனங்கள் பயந்து ஓடுகிறார்கள், முதலில் அதைத்தான் எடுக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். டாக்டர் அல்லவா. அவன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "வீடு இடிக்கறவன்கூட உள்ள யார்னா இருக்கீங்களான்னு கேப்பான் குரு."

பாரூர்க்காரரின் பொறுமை

அந்தக் கேள்வியும் இல்லாத ஃப்ளாப்பி நன்றாகவே போனது. பெரும்பாலும் புது மெஷின்கள், உள்ளே அழிய ஒன்றுமில்லை. அஞ்செட்டிக்குப் போகிற பஸ்ஸில்கூட ஃப்ளாப்பியும் சிடியும் போட்ட நாலு கவர் கொடுத்தனுப்பினேன். கவருக்கு மேலே என் கையெழுத்தில் 'போடுங்க, ஆன் பண்ணுங்க, சும்மா இருங்க' என்று எழுதியிருப்பேன். அந்த வாசகத்தில் எனக்கு அத்தனை பெருமை.

பாரூரில் கரும்பு போட்டிருந்த ஒரு விவசாயி வாங்கிப் போனார். அங்கே ஏற்ற ஆரம்பித்தால் பாதியில் கரண்ட் போய்விடும். மறுபடி முதலிலிருந்து. ஐந்து தடவை முயன்ற பிறகு கடைக்கு வந்தார். யுபிஎஸ் வாங்கச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கரண்ட்டும் சொல்லாம போவுது, உங்க ஃப்ளாப்பியும் சொல்லாம ஆரம்பிக்குது. நான்தான் நடுவுல காவலுக்கு உக்காந்திருக்கறேன்."

சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இப்போது உறுத்துகிறது.

மாதேஷின் பட்டியல்

மாதேஷ் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவரோடு இன்னும் பத்துப் பேர். பதினோரு பேரும் சேர்ந்து, பெங்களூரில் ஏதோ ஆபீஸில் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி மாதேஷ் வீட்டில் வைத்திருந்தார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை. மெஷின் அடிக்கடி நின்றுபோகிறது, ஒரு ஃபைலைத் திறக்க அரை மணி ஆகிறது, பிரிண்ட் எடுக்க வேண்டும் என்று சொன்னார். விண்டோஸ் கெட்டுவிட்டது, இதைப் போடுங்கள், மெஷின் குதிரை மாதிரி ஓடும் என்று கவரை நீட்டினேன். மெஷினைக் கொண்டு வரட்டுமா என்றார். வேண்டாம், நீங்களே போட்டுக்கொள்ளலாம் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பிறகுதான் தெரிந்தது, அந்த மெஷினில் இருந்தது பதினோரு பேருடைய மூன்று வருட ஆஜர், அதாவது வேலைக்கு வந்த நாள் கணக்கு. கான்ட்ராக்டர் வாரா வாரம் ஆஜர் அட்டை கொடுப்பான், சனிக்கிழமை திருப்பி வாங்கிக்கொள்வான். வாங்கிக்கொண்டால் அந்த வாரம் நடந்ததற்கே சாட்சி கிடையாது. அதனால் மாதேஷ் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அட்டைகளை வாங்கி, இரண்டு விரலால் தட்டித் தட்டி ஏற்றி வைத்திருக்கிறார். இடைவிடாமல் வேலை செய்ததைக் காட்டினால் நிரந்தரம் கேட்கலாம். லேபர் ஆபீசில் விசாரணைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

கவர் வாங்கிப் போன மறுநாள் மத்தியானம் மாதேஷ் சிரித்துக்கொண்டே படியேறி வந்தார். எனக்கும் நாகராஜுக்கும் சேர்த்து இரண்டு முழம் சாமந்தி, சாமி படத்துக்குப் போடச் சொல்லி. "ரொம்ப சுலபமா இருந்துச்சுங்க சார், என் வீட்டம்மாவே போட்டுட்டா. இப்ப அந்த ஆஜர் லிஸ்ட்டு எங்க இருக்குதுன்னு மட்டும் காட்டுங்க."

விசாரணை

டிஸ்க்கை எடுத்துக்கொண்டு பெங்களூருக்கு ஓடினேன். ஒரே வாரத்தில் மூன்று இடம். பழைய எழுத்தின் மேலேயே புதுசு எழுதியாகிவிட்டது, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில பெயர்கள்தான் வந்தன, தேதிகள் வரவில்லை.

விசாரணை அன்று நானும் போனேன். கம்ப்யூட்டரில் பட்டியல் இருந்தது, என் தப்பால்தான் அழிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கான்ட்ராக்டர் தன் ரிஜிஸ்டரைக் காட்டினான். அதில் ஒவ்வொருவருக்கும் மாதத்துக்குப் பாதி நாள்தான். பதினோரு பேரும் ஞாபகத்திலிருந்து தேதிகளைச் சொல்லப் பார்த்தார்கள், தீபாவளிக்கு மறுநாள் வந்தோம், பொங்கலன்று வந்தோம் என்று. அதிகாரி கெட்டவரில்லை. பேனாவை மூடிவிட்டு என்னிடம் சொன்னார்: "உங்க லெட்டர்ல நீங்க நல்லவர்னு தெரியுது. இவங்க எத்தனை நாள் வேலைக்கு வந்தாங்கன்னு தெரியலையே."

திரும்பப் போட்ட கேள்வி

அதற்குப் பிறகு ஃப்ளாப்பியில் கேள்வியைத் திரும்பப் போட்டேன். 'இதில் இருப்பதெல்லாம் அழியும், பரவாயில்லையா?' என்று ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதி, ஒன்றுக்கு மூன்று தடவை கேட்க வைத்தேன். கவரின் மேல் எழுதுவதையும் நிறுத்தினேன். ஆளை உட்காரவைத்து, உள்ளே என்ன இருக்கிறது, யாருடையது, வேறெங்காவது காப்பி இருக்கிறதா என்று கேட்ட பிறகுதான் கொடுத்தேன். முதல் வாரமே ஒருவர் எரிச்சலோடு எழுந்துவிட்டார். "என்னாங்க இது, போலீஸ் ஸ்டேஷன் மாதிரி. போன மாசம் என் மச்சானுக்குக் குடுத்தீங்களே, அந்த ஈசியானதையே குடுங்க."

மாதேஷின் நோட்டு

கேஸ் நிற்கவில்லை. கான்ட்ராக்டர் தன் கம்பெனி பெயரை மாற்றி, அதே பதினோரு பேரையும் புது ஆட்களாக எடுத்துக்கொண்டான். மூன்று வருடம் போய், முதல் நாளிலிருந்து ஆரம்பம். ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கிற மாதேஷைப் பார்த்து, ஒளிந்துகொள்ளலாமா என்று தோன்றியது உண்மை. போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன், முன்பு எத்தனை தடவை கேட்டேனோ அதோடு இன்னொன்று. அவர் சட்டைப் பைக்குள்ளிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட்டு, பதினோரு பெயர், பதினோரு கையெழுத்து. "உங்க மேல கோவமில்லைங்க சார். ஆனா எங்க பதினோரு பேர்ல முருகேசனுக்கு அம்பத்தாறு ஆவுது, அம்பத்தெட்டுல நிறுத்திடுவாங்க, இந்த மூணு வருசம் அவனுக்குத்தான் இனிமே கெடைக்காது."

ஊர் உலகத்துக்கெல்லாம் வேலையைச் சுலபமாக்கித் தருகிறேன் என்று கிளம்பினேன். கணக்குப் பார்த்தால் அதில் நிஜமாகவே சுலபமாகிப்போனது, எதிரே நிற்கிற ஆளிடம் ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டிய என் வேலை ஒன்றுதான்.