மொட்டை டயரும் பிரேக் இன்ஸ்பெக்டர் நடேசனும்

பிரேக் இன்ஸ்பெக்டர் நடேசன் இறந்துபோன செய்தி ஏற்காட்டுக்குக் காலையின் முதல் பஸ்ஸில் வந்தது. கண்டக்டர் ஜீப் ஸ்டாண்டில் இறக்கிவிட்ட அந்தச் செய்தி, என் டயர் கடைக்கு வந்து சேர்வதற்குள் வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. "எமன் வந்தானாமுங்க. எருமைக்கு எப்.சி. இருக்குதான்னு இவரு கேட்டாராம். இல்லைன்னதும், அப்ப நான் நடந்தே வரேன்னுட்டாராமுங்க" என்றார் பழைய டிரைவர் ஒருவர். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இரக்கப்பட்டதாக இப்போது எழுதினால் அது பொய்.

வண்டி வைத்திருந்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வாடகை வண்டி எதுவானாலும் வருடத்துக்கு ஒருமுறை அரசு ஆய்வாளரிடம் காட்டித் தகுதிச் சான்று வாங்கவேண்டும். அந்தச் சான்றுதான் எப்.சி., அந்த ஆய்வாளர்தான் ஜனங்கள் வாயில் பிரேக் இன்ஸ்பெக்டர். எழுபதுகளின் கடைசியிலிருந்து பத்து வருடத்துக்கு மேல் எங்கள் மலைக்கு அவர்தான் வந்தார். மாதத்தில் ஒருநாள் சேலத்திலிருந்து ஏறிவந்து, ஏரிக்கு மேலே இருந்த மைதானத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். காசு வாங்கமாட்டார். டீ வாங்கிக் கொடுத்தால் தொடமாட்டார். காசு வாங்குகிற ஆளிடம் பேசி முடித்துவிடலாம். இவரிடம் கெஞ்சத்தான் முடியும், கெஞ்சுகிறவர்களைப் பார்ப்பது அவருக்குப் பிடித்திருந்தது. ஒருமுறைகூட யாரையும் மரியாதையில்லாமல் பேசியதில்லை. 'ங்க' போட்டுத்தான் கழுத்தை அறுப்பார்.

நாகலூர் ரோட்டில் ஒரு கல்யாண ஜீப்பை மறித்தார். இரண்டு காலாண்டு வரி பாக்கி. எல்லோரையும் இறங்கச் சொன்னார். முகூர்த்தத்துக்கு அரைமணிதான் இருக்கிறது என்று பெண்ணின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "வரி கட்டாத வண்டியிலதான் தாலி கட்டப் போகோணும்னு ஜாதகத்துல எழுதியிருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். தூறலில் மாலையோடு நடந்தார் மாப்பிள்ளை. முகூர்த்தம் தப்பியது. அந்த மனிதருக்குப் பேரன் பிறந்த பிறகும் நாகலூரில் அவர் பெயர் நடைமாப்பிள்ளைதான்.

செம்மநத்தத்தில் நடந்தது இதைவிட மோசம். வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைக்கப் போகிறேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அந்தக் காலாண்டுக்கு வரி கிடையாது. ஒருவர் அப்படி எழுதிக் கொடுத்துவிட்டுத் தினம் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். கொட்டகையில் வைக்கோலையும் பலாப்பழத்தையும் ஜீப் உருவத்துக்கு அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருந்தார். நடேசன் தார்ப்பாயைத் தொடவில்லை. "காய்ச்சல்ல படுத்திருக்குதுங்க, தூங்கட்டும்" என்று சொல்லிப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் அந்த ஜீப், ஊர் ஜனத்தையே ஏற்றிக்கொண்டு வந்து நின்றது. திருப்ப இடமில்லாத ரோடு. வந்தவர்கள் அத்தனை பேருக்கும் முன்னால் உரிமையாளரையே தார்ப்பாயை எடுக்கச் சொன்னார். "நம்பர் எந்தப் பழத்துல எழுதியிருக்குதுன்னு படிச்சுக் காட்டுங்க" என்றார். அவர் அழுதார். நடேசன் பொறுமையாகக் காத்திருந்தார்.

என் முறைக்கு வருகிறேன். அப்போது எனக்கு இருந்தது ஒரே ஒரு பழைய ஜீப். எஸ்டேட் ஒன்றில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் ஒன்பது பேரை ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து விடும் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. திங்கட்கிழமைக்குள் எப்.சி.யைக் காட்டினால் வருடம் முழுக்க நிரந்தர வருமானம், இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு என்று எஸ்டேட்டில் கணக்குப் பார்க்கும் ரைட்டர் சொல்லிவிட்டார். என் வண்டியில் இருந்ததோ நாலும் மொட்டை டயர்.

அதற்கு அந்த நாளில் ஒரு வழி இருந்தது. பஜாரில் ஒரு மெக்கானிக்கிடம் நல்ல டயர் ஒரு செட் உண்டு. எப்.சி. நாளன்று வாடகைக்கு வாங்கி மாட்டிக்கொண்டு போவோம். காட்டி முடித்ததும் மறைவாக நிறுத்திக் கழற்றி அடுத்த வண்டிக்கு மாட்டுவோம். அன்றைக்கு அந்த ஒரு செட்டுக்கு நாங்கள் நாலு பேர். நான் கடைசி.

நடேசன் என் ஜீப்பைச் சுற்றிவந்தார். குனிந்து டயரின் உள்பக்கம் கையைவிட்டுத் தடவிப் பார்த்தார். அங்கே சாக்பீஸால் அவரே போட்டுவைத்த மூன்று கோடு. "இந்த டயரை இன்னைக்கு மூணு தடவ பாத்துட்டனுங்க. நாலாவது தடவையும் வந்து வணக்கம் சொல்லுது" என்றார். கையெழுத்தை எல்லாம் கடைசியில்தான் போடுவது அவர் வழக்கம் என்பதால் மற்ற மூன்று பேரும் அங்கேயே நின்றிருந்தார்கள். நாலு பேரையும் அவரவர் சொந்த டயரில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். பிறகு, "ஊட்டுல போயி சம்சாரத்தையும் புள்ளைங்களையும் கூட்டியாங்க. இதே டயர்ல இருபது வளைவும் எறங்கி அடிவாரம் போயிட்டு வரலாம். போயிட்டு வந்தா கையெழுத்து" என்றார்.

மூன்று பேர் தலையைக் குனிந்தார்கள். நான் கணக்குப் போட்டேன். மிரட்டுகிறார், மிரளாதவனுக்குப் படிந்துவருவார், எந்த பேரத்திலும் முதலில் கண்ணைத் தாழ்த்துகிறவன்தான் தோற்பான் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் என் மனைவி சரசுவிடம் விஷயத்தைச் சொன்னேன். ஏறி உட்கார்ந்தால் போதும், ஓட்டவிடமாட்டார் என்றேன். அவள் ஐந்து வயது மகளைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள். டயரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்தாள். நான் ஸ்டார்ட் செய்தேன். நடேசன் தடுக்கவில்லை. நானும் நிறுத்தவில்லை. கியர் போட்டு மைதானத்தைத் தாண்டி ரோட்டில் முன் சக்கரத்தை வைத்துவிட்டேன்.

அப்போதுதான் அவர் குறுக்கே வந்து நின்றார். "எறங்குங்கம்மா. நீயும் எறங்கு கண்ணு" என்றார். என் பக்கம் திரும்பி, "சொந்தப் புள்ளையவே ஏத்தற ஆளுங்க நீங்க. ஊரான் புள்ளைய உங்களை நம்பி எப்படிங்க உடறது?" என்றார். கூட்டம் வேடிக்கை பார்த்தது. மற்ற மூன்று பேருக்கும் டயர் மாற்ற ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார். என் விண்ணப்பத்தை மட்டும் என் கண்ணெதிரே தள்ளுபடி செய்தார். அதோடு விடாமல், நடந்ததை எஸ்டேட் ரைட்டரிடம் தானே போய்ச் சொன்னார். வேலை போயிற்று, எப்.சி. இல்லாமல் ஓட்ட முடியாத ஜீப்பும் கைவிட்டுப் போயிற்று.

இந்த மலையில் நல்ல டயருக்கு எவ்வளவு பஞ்சம் என்பது அந்த மைதானத்தில் எனக்குப் புரிந்தது. டயர் வியாபாரத்தில் இறங்கினேன், மேலே வந்தேன். அவரால்தான் முன்னுக்கு வந்தேன் என்று சிலர் சொல்வார்கள். அவர் என்னை ஒழிக்கத்தான் பார்த்தார். பிழைத்தது என் சாமர்த்தியம். அவர் சொன்னது சரி என்பது வேறு விஷயம். சரியாகச் சொல்கிறவர் மேல் கோபம் சீக்கிரம் ஆறுவதில்லை.

செய்தி வந்த அன்று சரசு சாவுக்குப் போகப் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். அவரைப் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்றேன்.

"என்னைய எறங்கச் சொன்ன மனுசனுங்க. ஒருக்கா பாத்துட்டு வரோணும்" என்றாள்.

சேலத்தில் அவர் வீட்டு வாசலில் கூட்டம் இல்லை. மலையிலிருந்து போனது நாங்கள் இருவர்தான். அதுவும் சேர்ந்து போகவில்லை. அந்த மைதானத்துக்குப் பிறகு நான் ஓட்டும் எந்த வண்டியிலும் சரசு ஏறியதில்லை. கார் வாங்கி, பூஜை போட்டு, கதவைத் திறந்து வைத்துக் கூப்பிட்ட நாளிலும் ஏறவில்லை. ஒருநாளும் காரணம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நடேசன் எனக்கென்று விட்டுப்போனது அதுதான். அன்றும் அவள் பஸ்ஸில்தான் மலை இறங்கினாள். நாலு புது டயர் மாட்டிய காரில், அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே இருபது வளைவும் நான் தனியாக இறங்கினேன்.