ஆடாத ஊசல்

மௌஸைத் தொடுவதற்கு முன் அவர் கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்தார். ஒரு நிமிஷம் முன்புவரை அதைப் பிடித்திருந்தவள் நான். தூசிக்காகத் துடைத்தாரா, எனக்காகத் துடைத்தாரா என்று நான் கேட்கவில்லை. எனக்காகத்தான் என்று அன்றே முடிவு செய்துகொண்டேன். இன்றும் அந்த முடிவை மாற்றிக்கொள்ளும் உத்தேசம் இல்லை. வயது ஏற ஏற எல்லோரைப் பற்றியும் நல்ல விதமாக நினைக்க வேண்டும் என்று புத்தி சொல்கிறார்கள். இவர் விஷயத்தில் எனக்கு அந்தப் புத்தி வரவே இல்லை.

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்த பள்ளி அது. அவர் அங்கே மூத்த இயற்பியல் ஆசிரியர். ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். பாலத்தில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் முதல் மணி அடிப்பதற்குள் உள்ளே இருப்பார். அதை மட்டும் குறை சொல்ல முடியாது. நான் அரியமங்கலத்திலிருந்து ஸ்கூட்டியில் போகிற இளைய ஆசிரியை. ப்ளஸ் ஒன்னில் அவருக்கு ஒரு பிரிவு, எனக்கு ஒரு பிரிவு. வகுப்பறைகளில் ஸ்மார்ட் போர்டு மாட்டிய வருஷம், அதைப் பயன்படுத்தத் தெரியாதவர்களுக்கு இனி மேல்வகுப்பு கிடையாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, சாருக்கு நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார். மேல்வகுப்பு போனால் உத்தர வீதியில் தன் வீட்டு மாடியில் நடக்கிற டியூஷனும் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் வந்தார். பல் பிடுங்கிக்கொள்ள வருகிறவரின் முகத்தோடு வந்தார்.

எனக்கு அவர் மேல் ஏற்கெனவே கோபம் இருந்தது. அவருடைய மாணவர்கள் ஆய்வகத்தில் சோதனை எதையும் செய்வதில்லை. தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, அதை ஆட்டிவிட்டு, எவ்வளவு நேரத்தில் போய் வருகிறது என்று பார்த்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். 9.8 வர வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. அவர் அந்த 9.8-இலிருந்து தொடங்குவார். அது வருவதற்கு நேரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அந்த ரீடிங்குகளைக் கரும்பலகையில் எழுதிப்போடுவார். வருஷா வருஷம் எல்லாப் பிள்ளைகளும் அதையே ரெக்கார்டு நோட்டில் எழுதி முழு மார்க் வாங்கினார்கள். இது அவர் கண்டுபிடித்த வித்தை இல்லை, ஊரில் பல பள்ளிகளில் நடப்பதுதான். எனக்கு இருந்தது ஒரே ஆசை. பள்ளியை விட்டுப் போவதற்குள் அந்தப் பிள்ளைகள் ஒரு தடவையாவது தாங்களே அளந்த ஓர் எண்ணை எழுத வேண்டும். போனும் எக்செல்லும் பெரிய திரையும் அதற்கு வழி திறக்கும் என்று நம்பித்தான் பல்லைக் கடித்துக்கொண்டு அவருக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன்.

சொல்லிக்கொடுத்தேன் என்பதைவிடச் சண்டை போட்டோம் என்பது பொருந்தும். எதைக் காட்டினாலும், இதெல்லாம் தெரியாமலேயே தான் சென்டம் வாங்கிக் கொடுத்த கதையை ஆரம்பிப்பார். ஏதாவது கட்டத்தில் தப்பாக அழுத்திவிட்டு, "பாருங்க, உங்க மெஷினுக்கே புரியல" என்பார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. எல்.கே.ஜி. குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்வேன். அது அவருக்கு எரியும் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

ஒரு மாதிரியாக அவருக்கு எண்களைக் கட்டங்களில் நிரப்பவும் வரைபடம் எடுக்கவும் வந்த பிறகு, இரண்டு பிரிவையும் சேர்த்து ஆய்வகத்தில் ஒரு வகுப்பு வைத்தோம். காற்றில் ஊசல் அலையக் கூடாது என்று மின்விசிறிகளை நிறுத்தினோம். திருச்சி வெயிலில் பிள்ளைகள் சட்டை நனைய நனைய நின்று ஊசலை ஆட்டினார்கள். அதைப் போனில் படம்பிடித்து, மெதுவாக ஓடவிட்டு நேரம் பார்த்தார்கள். எண்களைச் சொல்லச் சொல்ல நான் ஏற்றினேன். திரையில் புள்ளிகள் ஒன்றொன்றாக வந்து உட்கார்ந்தன. ஒருத்திக்கு 9.5, ஒருவனுக்கு 10.1, இன்னொருத்திக்கு 9.2. நூலை எங்கிருந்து அளந்தாய், முடிச்சு நழுவியதா, அகலமாக ஆட்டிவிட்டாயா என்று அவர்களுக்குள் பெரிய வாக்குவாதம். அந்த ஆய்வகத்தில் அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்போதுதான் கதவோரம் நின்றிருந்தவர் வாயைத் திறந்தார்.

"ஏன் மேடம், ஆளுக்கொரு விடை வருதே. நாம எல்லாரும் நிக்கிறது ஒரே பூமிலதானே?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பூமி ஒன்றுதான், அளக்கிற கை பல என்று நான் சொன்னது அந்தச் சிரிப்பில் யார் காதிலும் விழவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். அவராகவே என்னைத் தேடி வந்தார், இந்தத் தடவை கேலியில்லாமல் மேடம் என்று மரியாதையாகக் கூப்பிட்டார். ஒரே விடையைச் சுற்றி, ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் கூடியும் குறைந்தும் எண்கள் வருகிற மாதிரி எக்செல்லில் செய்ய முடியுமா என்று கேட்டார். மனுஷனுக்கு அளவீட்டுப் பிழை என்றால் என்னவென்று புரிந்துவிட்டது, அதை வகுப்பில் விளக்கக் கேட்கிறார் என்று நினைத்து நான் குளிர்ந்துபோனேன். உட்கார வைத்து, அந்த ஃபார்முலாவை நிதானமாகச் சொல்லிக்கொடுத்தேன். கொஞ்ச நாளில் அவரே என்னிடம் ஒரு கட்டுச் சீட்டைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினார். அவர் பிரிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக அச்சடித்த ரீடிங். ஒருவருக்கு 9.78, ஒருவருக்கு 9.83. "எதுவும் எதைப்போலவும் இல்ல, பாத்தீங்களா? இனிமே வெளியிலேர்ந்து வர்ற எந்த எக்ஸாமினரும் கேள்வி கேக்க முடியாது" என்றார். எல்லோரும் ஒரே பொய்யை எழுதிக்கொண்டிருந்த இடத்தில், ஆளுக்கொரு பொய்யை அவர் செய்துவைத்திருந்தார்.

ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவர் குரலே உயர்த்தவில்லை. தலைமையாசிரியையிடம் போனேன். அந்த அம்மா சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சார் இவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டது சந்தோஷம், எல்லாம் உங்கள் முயற்சி என்றார். ஆய்வகத்தில் ஊசல்கள் கொக்கியில் தொங்கியபடியே இருந்தன.

அந்த வருஷம் செய்முறைத் தேர்வில் பள்ளி சார்பில் தேர்வாளர் அவர்தான். என் பிரிவுப் பிள்ளைகளுக்கும் சீட்டு நீண்டது. துறையூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானே ஆட்டிப் பார்த்திருக்கிறாள். விசிறியை நிறுத்தச் சொல்லிக் கேட்டாளாம்; நிறுத்தவில்லை. 9.3 வந்தது, அப்படியே எழுதினாள். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளரிடம் அவர், இந்தப் பெண்ணுக்குச் சொன்னது ஏறாது என்றாராம். பிரிவில் மார்க் குறைந்தது அவள் ஒருத்திக்குத்தான். மார்க் வந்த அன்று என்னிடம் வந்து நின்றாள். அழவில்லை. நீ செய்ததுதான் சரி என்றேன்.

"சரின்னா ஏன் மேடம் எனக்கு மட்டும் போச்சு?" என்றாள். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவர் மேல் இருந்த எரிச்சல் வெறுப்பாக மாறியது அந்த நிமிஷத்தில்தான். அந்த வருஷ முடிவில் வேறு பள்ளிக்கு மாறிவிட்டேன்.

அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஓய்வு என்று சும்மா சொல்கிறேன், பள்ளி பள்ளியாகப் போய் அறிவியல் ஆசிரியர்களுக்குத் தொழில்நுட்பப் பயிற்சி கொடுக்கிறார். சென்ற மாதம் எங்கள் பள்ளியிலிருந்து என்னைப் போகச் சொன்ன பயிற்சியிலும் மேடையில் அவர்தான். தலை முழுக்க நரைத்திருந்தது, விரல்கள் மட்டும் மடிக்கணினியில் ஓடின. அதே எக்செல்லைத் திரையில் விரித்தார். ஆய்வகத்தில் நேரம் வீணாகாது, பிள்ளைகளுக்கு மார்க் குறையாது என்று விளக்கிக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"கம்ப்யூட்டரைப் பாத்தாலே பயந்துகிட்டிருந்தவன் நான். என்னை உக்கார வச்சுச் சொல்லிக்கொடுத்தவங்க அதோ அந்த மேடம்தான். எந்திரிங்க மேடம், எல்லாரும் பாக்கட்டும்."

எழுந்தேன். அரங்கம் கைதட்டியது. அவர் குத்திக்காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த முகத்தில் இருந்தது நிஜமான நன்றி, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உட்கார்ந்தபோது பக்கத்து நாற்காலிக்கு ஒரு பெண் மாறி வந்தாள். என்னைத் தெரிகிறதா என்று கேட்டாள். துறையூர்க்காரி. இப்போது அங்கேயே ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாம். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இந்தக் கூத்தைப் பார்த்தாயா, இந்த மனுஷன் இன்னும் திருந்தவில்லை என்று அவளிடமாவது சொல்லிவிடலாம் என்றிருந்தது. அதற்குள் அவள் தன் மடிக்கணினியைத் திறந்து என் மடிக்குப் பக்கமாக நகர்த்தினாள்.

"சார் வேகமாப் போயிட்டாரு மேடம். அந்த ஃபார்முலா எனக்கு வரல. நீங்க போட்டுக் காட்டுறீங்களா?"

நீயுமா என்று கேட்டேன்.

"எனக்குப் போனது போதும் மேடம். எம் பிள்ளைங்களுக்குப் போகக்கூடாது."

நான் மடிக்கணினியை மூடினேன். அவள் அதைத் திறந்து மறுபடியும் என் முன்னால் வைத்தாள்.