தைத்து வைத்த கடைசிப் பக்கங்கள்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் இந்த மாசியோடு ஒரு வருஷம் நிறைகிறது. அண்ணன் இந்த நினைவு மலருக்கு ஏற்பாடு செய்து, "அக்காவப் பத்தி நீயே எழுது, ஒனக்குத்தான் எழுத வரும்" என்றார்கள். எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு, "பாதிய எடுத்துரு" என்றார்கள். நான் எடுக்கவில்லை. உறவினர்களும் நண்பர்களும் பொறுத்தருள வேண்டும்.

அக்கா திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், புதுக்கோட்டை ராஜா ஆட்சிக் காலத்தில், அய்யாவுக்கும் ஆத்தாவுக்கும் தலைப்பிள்ளையாகப் பிறந்தார்கள். அடுத்தது அண்ணன், கடைக்குட்டி நான். ஐந்தாம் வகுப்போடு அக்காவின் படிப்பை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் வீட்டுக்கு வரும் கடிதமோ நோட்டீஸோ அக்கா வாசித்துச் சொன்னால்தான் உண்டு. சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த வருஷம் அவர்களுக்குக் கல்யாணம். மூன்றாம் வருஷம் அத்தான் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனார். "ரெண்டே வருசம், வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது, அப்புறம் தீபாவளிக்கு ஒன்று, அப்புறம் அதுவும் இல்லை. அக்கா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

அந்த நாளில் அண்ணன் புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தார்கள். வாரம் ஒருமுறை வரும்போது யாரோ படித்துப் போட்ட துப்பறியும் நாவல் ஒன்றைக் கொண்டுவருவார்கள். மத்தியானம் நாங்கள் விதைக்கடலை உடைப்போம், அக்கா வாசிப்பார்கள். ஒருமுறை நான் முந்திரிக்கொட்டைத்தனமாகக் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, கொலைகாரன் இன்னான் என்று உளறித் தொலைத்தேன். அன்றிலிருந்து புதுப் புத்தகம் வந்ததும் அக்கா முதலில் செய்கிற வேலை, கடைசிப் பக்கங்களை ஊசி நூலால் சுற்றித் தைத்துவிடுவது. எல்லாரும் தத்தம் ஆளைச் சொன்ன பிறகுதான் நூலை அறுப்பார்கள். எங்கள் நிலத்து வழக்கு தோற்றதிலிருந்து ஆத்தாவுக்கு எந்தக் கதையிலும் வக்கீல்தான் கொலைகாரர். வக்கீலே இல்லாத கதையில் டாக்டர். அக்கா மட்டும் அநேகமாகத் தப்பாமல் கண்டுபிடிப்பார்கள். எப்படி என்று கேட்டால், "பொய் சொல்றவன் கேக்காததையெல்லாம் சேத்துச் சொல்லுவான்டி" என்பார்கள். இதை நான் அப்போதே காதில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

கடலை பிடுங்கி முடிந்ததும் டூரிங் கொட்டகை வரும். வண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போவோம். அக்கா மட்டும் வரமாட்டார்கள். வரக்கூடாது என்பதே சரி. "கட்டுனவன் கடலுக்கு அங்கிட்டு இருக்கையில நீ கொட்டகையில போயி உக்காந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்பார்கள் ஆத்தா. அந்த நாலு பேரும் எங்களுக்கு முன்னாலேயே கொட்டகையில் இடம் பிடித்திருப்பார்கள் என்பது வேறு கதை. அக்காவுக்காகப் பாட்டுப் புத்தகம் மட்டும் வாங்கிவருவோம். அதில் கதைச் சுருக்கம் இருக்கும். நல்ல கட்டத்தில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டிருப்பான். அந்த மீதியை மறுநாள் நான் அக்காவுக்குச் சொல்ல வேண்டும். இதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்த வருஷம், ஆவணியில் ஒரு படம் பார்த்தோம். கதாநாயகன் கப்பலேறிப் போகிறான். மனைவி காத்திருக்கிறாள். கடைசியில் அவன் இன்னொருத்தியோடும் கைக்குழந்தையோடும் வந்து இறங்குகிறான். இவள் ஆற்றில் விழுந்துவிடுகிறாள். திரும்பி வரும்போது வண்டியில் ஆத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத அவகிட்ட யாரும் சொல்லப்படாது. அவன் நல்லபடியா வந்துட்டான்னு சொல்லுங்க" என்றார்கள். அய்யாவும் அண்ணனும் தலையாட்டினார்கள். சொல்லவேண்டியவள் நான்.

மறுநாள் கடலை உடைத்துக்கொண்டே சொன்னேன். அவன் வந்து இறங்கினான், கையில் இரண்டு பெட்டி, ஒரு பெட்டியில் அவளுக்கு அரக்குப் பட்டு, அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் காலைக் கழுவினாள், அவன் அழுதான், பக்கத்து வீட்டுக்காரியும் அழுதாள். மூச்சுவிடாமல் அடுக்கினேன். அக்கா கடலையை உடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்கள்.

"வந்தவன் தனியாத்தான் வந்தானாடி?"

"ஆமாக்கா, தனியாத்தான்" என்றேன்.

அதற்குப் பத்து நாள் கழித்து அய்யா அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். கல்யாணத்தைத் தீர்த்துவிட்டு வேறு இடத்தில் கட்டிக்கொடுப்பது எங்கள் சனத்தில் உள்ளதுதான். "பஞ்சாயத்துல பேசித் தீத்துட்டு வேற எடம் பாப்பமாம்மா?" என்று கேட்டார்கள். அக்கா சிரித்துக்கொண்டே, "சினிமாவுலயே வந்துட்டானாம்ங்கய்யா, இவுக வரமாட்டாகளா?" என்றார்கள். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தை மாதம் எனக்குக் கல்யாணம் நடந்தது. அக்காதான் எனக்குத் தலைவாரிப் பூவைத்து மணையில் உட்காரவைத்தார்கள்.

பிறகு அய்யா போனார்கள், அடுத்து ஆத்தாவும் போனார்கள். இருவரையும் படுக்கையில் வைத்துப் பார்த்தவர்கள் அக்கா. யாரையும் கடிந்து பேசியதில்லை. அத்தான் வரவே இல்லை. ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் அக்காவின் நரையைப் பார்ப்பேன். என் வாயால் வந்த நரை என்று நினைப்பேன். இந்த நினைப்போடுதான் என் பிள்ளைகளை வளர்த்தேன்.

போன வருஷம் மஞ்சள் காமாலை முற்றிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "என் பொட்டிய நீயே எடுத்துக்க, அண்ணன்கிட்டக் குடுக்காத" என்றார்கள். கருமாதி முடிந்து திறந்தேன். உள்ளே நாற்பது நாவல்கள் போல இருந்தன. எல்லாம் நூல் அறுத்தவை. ஒன்று மட்டும் தைத்தபடி இருந்தது. அறுத்தேன். கடைசிப் பக்கங்களுக்கு நடுவே பினாங்குக் கடிதம் ஒன்று இருந்தது. அய்யா பேருக்கு அத்தானோடு வேலை பார்த்த ஒருவர் எழுதியது. உங்கள் மருமகன் இங்கே ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்துகிறார், ஒரு குழந்தையும் இருக்கிறது, உங்கள் பெண்ணைக் காக்கவைக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். தேதியைப் பார்த்தேன். எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்த அதே வருஷம், சித்திரை மாதம். நாங்கள் படம் பார்ப்பதற்கு நாலு மாதம் முந்தி.

கடிதம் வாசிப்பவர்கள் அக்காதானே. வாசித்தார்கள், தைத்து வைத்துவிட்டார்கள். அப்புறம்தான் நான் அரக்குப் பட்டையும் சொம்புத் தண்ணீரையும் அடுக்கினேன். அவர்கள் அதையும் கேட்டுக்கொண்டார்கள்.

ஏன் சொல்லவில்லை? தீர்க்கிற பஞ்சாயத்து வீட்டில் நடந்தால் என் சம்பந்தம் முறிந்துவிடும் என்றா? ஆத்தா தாங்கமாட்டார்கள் என்றா? எனக்குத் தெரியாது. என் கல்யாணம் முடிந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. அழுகை அதற்குப் பிறகுதான். "அக்கா பேரு கெட்டுப்போகும், இத அச்சுல ஏத்தாத" என்கிறார்கள் அண்ணன். கெடவேண்டிய பேர் அக்காவுடையதா?

அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், ஆஸ்பத்திரியில் பதினொரு நாளும் கூட இருந்து கஞ்சி ஊட்டிய அண்ணிக்கும், ராத்திரி பகல் பாராமல் பார்த்த நர்சம்மாவுக்கும், மழையென்றும் பாராமல் துக்கத்துக்கு வந்த ஊராருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. வண்டி வண்டியாக நாவல் சுமந்துவந்த அண்ணனுக்கும் என் நன்றி, அவர்கள் கோபித்துக்கொண்டாலும்.

இன்று காலை அக்கா படத்துக்குப் பூப்போட்டுவிட்டுச் சொன்னேன். எத்தனையோ வருஷம் முந்திச் சொல்லியிருக்க வேண்டியது.

"இல்லக்கா. அவன் தனியா வரல."