திருச்சானூர் ஆட்டோ ஸ்டாண்டில் பிரேமலதா

ஷேர் ஆட்டோவுக்காக வந்து நின்ற பிரேமலதா, எதிர்க் கம்பத்தில் தன் முகத்தையே கண்டாள். ஆளுயரத்துக்கு மேலே, வெள்ளையும் ரோஜாவுமாக மாற்றப்பட்ட கன்னங்களோடு, தாயார் கோயிலுக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்து அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அதன் கீழே கொட்டை எழுத்தில் தெலுங்கு. அதற்கும் கீழே தமிழ்: 'உலகமே வியக்கும் கணினி அரசி. ராயலசீமையின் முதல் பெண் கம்யூனிட்டி எக்ஸ்பர்ட்.'

"இன்னா வதினா, அரசி ஆயிட்டீங்களாமே" என்றான் ஆட்டோக்காரன் ரங்கையா. அவனுக்கு அவள் கணவன் முரளிதரன் அண்ணன் முறை, அதனால் இவள் வதினா, அதாவது அண்ணி. "இனிமே என் வண்டில ஏறுவீங்களா, ரதம் வரணுமா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பிரேமலதாவும் சிரித்தாள். ஆனால் 'முதல் பெண்' என்ற சொற்களில் அவள் கண் நின்றது. அந்தச் சிரிப்பு அங்கேயே உறைந்தது.

பாலசமுத்திரம் பக்கத்தில் ஊரார் கரும்புத் தோட்டங்களில் கூலிக்குப் போன ஏழுமலையின் மகள் அவள். அந்தத் தெருவில் முதலில் பட்டம் வாங்கியவள். திருப்பதியில் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் விற்கிற சின்ன கம்பெனியில் டேட்டாபேஸ் வேலை. எட்டு மணிநேரம் அங்கே உழைத்துவிட்டு வந்து, சோற்றை வடித்து, பிள்ளையைத் தூங்க வைத்த பிறகு, இணையத்தில் ஒரு மன்றத்தைத் திறப்பாள். அங்கே வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் சிக்கிக்கொண்டு கேள்வி போடுவார்கள். "சர்வர் நின்னு போச்சு, மேனேஜர் கத்தறார், யாராவது சொல்லுங்க" என்று எங்கோ ஒருவர் தவிப்பார். பிரேமலதா பதில் எழுதுவாள், தெலுங்கிலோ தமிழிலோ, கேட்டவருக்கு எது வருமோ அதில். முகம் தெரியாத எத்தனை பேருடைய வேலையை அவள் விரல்கள் காப்பாற்றினவோ, அவளுக்கே தெரியாது.

இப்படிச் சம்பளமில்லாமல் உதவுகிறவர்களைத் தேடிப் பிடித்து, அந்த மன்றத்தை நடத்துகிற தொழில்நுட்பச் சமூகம் ஆண்டுதோறும் 'கம்யூனிட்டி எக்ஸ்பர்ட்' என்று அறிவிக்கும். ஒரு சான்றிதழ், இணையப் பக்கத்தில் ஒரு பெயர், அவ்வளவுதான். இந்த முறை பிரேமலதாவின் பெயர் வந்தது. பரிந்துரைத்தவள் குப்பம் ஊரைச் சேர்ந்த ஸ்வர்ணலதா. பல வருஷம் முன்பே அதே அங்கீகாரத்தை வாங்கிய ஸ்வர்ணலதாதான், உண்மையில், முதல் பெண்.

மாலையில் அவள் நேராகக் கணவனின் கடைக்குப் போனாள். முரளிதரனுக்கு பிளெக்ஸ் அடிக்கிற தொழில். கல்யாணம், காதுகுத்து, தலைவர் பிறந்தநாள் என்று எது வந்தாலும், வாசகம் எழுத இப்போது அவனுக்கு ஒரு ஏஐ சாட்பாட் துணை.

"யார் எழுதனது இது?"

"நான்தாமே. போன்ல கேட்டேன். 'என் பெண்டாட்டிக்கு விருது கெடைச்சுக்குது, வாழ்த்து எழுது'ன்னேன். சப்புனு நாலு வரி குடுத்துது. 'இன்னும் வெயிட்டா போடு'ன்னேன். அப்பறம் பார், பிச்சிக்கினு வந்துது."

"முதல் பெண்ணுன்னு நீ சொன்னியா?"

"இல்ல. அதுவே போட்டுது. பெரிய மெஷினு, தெரியாமயா சொல்லும்?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "பிளெக்ஸோட நின்னுதா?"

முரளிதரன் தலையைச் சொறிந்தான். சான்றிதழ் படத்தை வேலை கொடுப்பவர்களும் தேடுபவர்களும் பார்க்கிற இணையதளத்தில் ஏற்றச் சொல்லி அவள்தான் லாகினைக் கொடுத்திருந்தாள். தன்னைப் பற்றி எழுத அவளுக்குக் கூச்சம். அவனோ சான்றிதழ் படத்தோடு பிளெக்ஸ் வாசகத்தையும் இங்கிலீஷில் மாற்றச் சொல்லி அங்கேயே போட்டுவிட்டான்.

"இன்னாத்துக்கு மூஞ்சை இப்டி வெச்சிக்கினுகிற? பிளெக்ஸ்ல போடறதை எவன் நிஜம்னு நம்பறான்? நான் அடிச்ச பிளெக்ஸ்ல எல்லாரும் சிங்கம், புலி. ஒருத்தனாவது உறுமினானா?"

"ஸ்டாண்டுல யாரும் நம்ப மாட்டாங்க. அங்க நம்புவாங்க. அதைப் பாத்துதான் வேலை குடுப்பாங்க."

போனை எடுத்துக் காட்டினாள். அவள் பதிவின் கீழே ஸ்வர்ணலதா 'வாழ்த்துகள்' என்று ஒரே சொல் எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு, மன்றத்துப் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி: ஸ்வர்ணலதா வெளியேறினார்.

"அந்த அக்கா நாலு வருஷமா வேலை இல்லாம வீட்ல கீறாங்க. மாமியாரைப் படுக்கைல வெச்சிப் பாத்தாங்க. இப்பதான் மறுபடி வேலை தேடறாங்க. அவங்க பயோடேட்டால சொல்லிக்கிற மாதிரி இருக்கறது அந்த ஒரு வரிதான். ராயலசீமையில முதல் பெண். அதை நான் புடுங்கிக்கினேன். இனிமே அவங்க சொன்னா, கேக்கறவங்க அவங்களைத்தானே பொய்க்காரின்னுவாங்க?"

முரளிதரன் மனைவியின் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்து, ஓடிக்கொண்டிருந்த பிரிண்டிங் மெஷினை நிறுத்தினான்.

பிரேமலதா ஸ்வர்ணலதாவுக்குப் போன் செய்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தாள். எடுக்கவில்லை.

வேறொருத்தியாக இருந்தால் பதிவை அழித்துவிட்டுச் சும்மா இருந்திருப்பாள். பிரேமலதா அப்படிச் செய்யவில்லை. அழித்தால் பொய் மறையும், உண்மை வெளியே வராது. கடையிலேயே உட்கார்ந்து அதே சாட்பாட்டைத் திறந்தாள். மன்னிப்பு எழுதச் சொன்னாள். வழவழவென்று ஓர் இங்கிலீஷ் மன்னிப்பு வந்தது. 'ஆழ்ந்த பணிவு', 'கற்றலின் பயணம்' என்றெல்லாம் அதில் இருந்தது.

"நல்லாத்தான கீது" என்றான் முரளிதரன்.

"நல்லா கீது. ஆனா நான் பேசற மாதிரி இல்லியே."

இப்போது சான்றிதழையும் தன் மன்றப் பக்கத்தையும் கொடுத்து, வேறு விதமாகக் கேட்டாள். 'முதல் பதிவை வரி வரியாகப் பார். எந்த வரிக்கு நான் உனக்கு ஆதாரம் கொடுக்கவில்லையோ, அதையெல்லாம் அடித்துவிடு.' உலகம் வியந்தது போயிற்று. அரசி போனாள். முதல் பெண்ணும் போனாள். பெயரும், ஊரும், மன்றத்தில் பதில் எழுதுகிறாள் என்பதும், இந்த ஆண்டின் அங்கீகாரமும் மட்டும் மிஞ்சின. அந்தச் சின்ன மிச்சத்தைப் பார்த்தபோது, வாழ்நாளில் முதல்முறையாகத் தன்னைப் பற்றிக் கூச்சமில்லாமல் படிக்க முடிந்தது அவளுக்கு.

அதன் கீழே தானே தட்டினாள், தமிழில்:

'என் பழைய பதிவு தவறு. ஏஐ எழுதியது சரிபார்க்கப்படாமல் என் பக்கத்தில் வந்தது, அதற்கு நானே பொறுப்பு. ராயலசீமையின் முதல் பெண் கம்யூனிட்டி எக்ஸ்பர்ட் குப்பம் ஸ்வர்ணலதா. அவர் நடத்திய கூட்டத்தில்தான் நான் முதலில் மேடை ஏறினேன். கைக்குழந்தையோடு போயிருந்தேன். பேச வேண்டாம், திரும்பிவிடலாம் என்று வாசலிலேயே நின்றேன். அவர் என் மகனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, நான் பேசி முடிக்கும்வரை நடந்துகொண்டே இருந்தார். இது எந்தச் சான்றிதழிலும் இல்லை.'

முரளிதரன் தோளுக்கு மேலிருந்து படித்தான். "என் பேரு போடலியே. நான்தான பண்ணேன்?"

"என் பக்கம். என் பேருலதான் வந்துது. நீ இன்னாத்துக்கு நடுவுல?"

அவன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டாண்டுக்கு நடந்தான். பதிவைப் போட்டுவிட்டு பிரேமலதாவும் பின்னாலேயே போனாள்.

வெளிச்சம் இருக்கும்போதே, அத்தனை பேர் பார்க்க, கம்பத்தில் ஏறிக் கயிற்றை அறுத்தான்.

"இன்னா அண்ணா, காலையில கட்டி சாயங்காலம் கழட்டற? வீட்ல சண்டையா?" என்றான் ரங்கையா.

"இல்ல ரங்கா. தப்பா அடிச்சிட்டேன்."

"கஸ்டமர் ஒத்துக்கலியா?"

"ஒத்துக்கல" என்றான் முரளிதரன் மேலேயிருந்து. "ரொம்ப நேர்மையான கஸ்டமரு."

கீழே பிளெக்ஸின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்த பிரேமலதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெற்ற சான்றிதழைவிட அந்தச் சொல் அவளுக்குப் பெரிதாக இருந்தது என்று பிற்பாடு அவளே சொன்னாள்.

அடுத்த நாள் முழுக்கக் குப்பத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. பதிவின் கீழே யார் யாரோ எழுதினார்கள். அந்த ஒருத்தி எழுதவில்லை. பிரேமலதா ஆபீஸில் அடிக்கடி போனைத் திறந்து பார்த்தாள். கெட்டது கெட்டதுதான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு வீடு திரும்பினாள்.

அதற்கும் மறுநாள் காலை போன் அடித்தது.

"பிரேமா." ஸ்வர்ணலதாவின் குரல்.

"அக்கா, நான்..."

"அதான் எழுதிட்டியே. ஒரு தடவைக்கு மேல மன்னிப்பு கேட்டா எனக்குக் கோவம் வரும்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நேத்து பூரா பேசலாம்னுதான் இருந்தேன். போனை எடுத்தா அழுகை வருது, வெச்சிட்டேன். உன் பதிவோட லிங்க்கை பயோடேட்டால சேத்துட்டேன். சரி, அத வுடு. மன்றத்துல பேக்கப் பத்தி ஒரு பையனுக்கு பதில் போட்டியே, அதுல ஒரு ஸ்டெப்பை விட்டுட்ட. பாவம், அவன் சுத்திக்கினுகிறான்."

"எந்த ஸ்டெப்புக்கா?"

"குரூப்ல சேத்துக்க. சொல்றேன்."

பிரேமலதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரூப்பைத் திறந்து, ஸ்வர்ணலதாவின் எண்ணைத் தேடினாள்.